பகலில் எழுப்பி வைத்தால் ராத்திரி தூங்குமா?

கேட்டவர் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வாடகை வீட்டு மாடியில் இருக்கிறார். முதல் குழந்தை, பெண், மூன்றரை மாதம். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி 11 மணிக்குத் தூளியில் போட்டால் 2 மணி வரை அசையாமல் தூங்குகிறாள். மற்றபடி பகலில் எப்போது போட்டாலும் 40 நிமிஷம்தான். சாயங்காலம் 6 மணிக்குத் தொடங்கும் அழுகை ஓய்வதே இல்லை, ராத்திரி பதினொன்றரைக்கு முன் கண்ணை மூடுவதில்லை. மாமியார் பகல் தூக்கத்தைக் குறைக்கச் சொல்கிறார், விளக்கு வைக்கிற நேரத்தில் குழந்தையைத் தூங்கவே விடக்கூடாது என்கிறார். மொபைலில் இருக்கும் ஆப் ஏழு மணிக்கே படுக்க வைக்கச் சொல்கிறது. சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் கணவர் வீடு வந்து சேரும்போது மணி பத்தரை. யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி.

முதலில் பகல் தூக்கத்தைக் குறைக்காதீர்கள். நமக்கு மத்தியானம் தூங்கினால் ராத்திரி தூக்கம் வராது என்பதால் குழந்தைக்கும் அதே கணக்கு என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் புதுச்சேரியில் குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்தவள். "பகல்ல எழுப்பி எழுப்பி வச்சோம் சிஸ்டர், ராத்திரி இன்னும் மோசமாயிடுச்சு" என்று சொல்லாத அம்மாக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த வயதில் தூக்கம் வரும் நேரத்தைத் தாண்டி விழித்திருக்கும் குழந்தை அசந்து தூங்காது. உடம்பு முறுக்கேறி, கையைக் காலை உதைத்துக்கொண்டு, பாலையும் சரியாகக் குடிக்காமல் அழும். அப்புறம் தூங்கினாலும் அடிக்கடி முழிக்கும்.

உங்கள் மகளின் கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். ராத்திரி பதினொன்றரை முதல் காலை ஏழரை வரை 8 மணி நேரம், நடுவில் பால் குடிக்கும் நேரம் போனால் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். குளித்த பிறகு 3 மணி நேரம். 40 நிமிஷத் தூக்கங்கள் நான்கு சேர்ந்தால் இரண்டே முக்கால் மணிக்குக் கிட்டத்தில் வரும். மொத்தம் பன்னிரண்டே முக்கால். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 3 மாதம் வரை 14 முதல் 17 மணி நேரம், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம் என்று இருக்கிறது, பகல் தூக்கமும் இதில் சேர்த்தி. உங்கள் மகள் இந்த இரண்டு வயதுக்கும் நடுவில் நிற்கிறாள், அவளுடைய மொத்தம் ஏற்கெனவே கீழ் விளிம்பில்தான் இருக்கிறது. குறைப்பதற்கு அதில் எங்கே மிச்சம் இருக்கிறது? தூக்கம் போதவில்லை என்று சொன்னால்கூட நியாயம்.

அளவைவிட, தூக்கம் எந்த நேரத்தில் விழுகிறது என்பதுதான் இங்கே சிக்கல். மூன்றரை மாதத்தில் ஒரு குழந்தை சேர்ந்தாற்போல் விழித்திருக்கக்கூடியது ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் 2 மணி நேரம். அந்த விழிப்புக்குள்தான் பால், விளையாட்டு, துணி மாற்றுவது எல்லாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கடைசிப் பகல் தூக்கம் 5 மணி வாக்கில் முடிகிறது, அதற்குப் பிறகு விளக்கு வைக்கிற நேரம் என்று தூங்க விடுவதில்லை, அப்புறம் பதினொன்றரை. ஆறரை மணி நேரம் முழித்துக்கொண்டே இருக்கிறாள்! சாயங்கால அழுகைக்குத் திருஷ்டி, வாயு, பால் பற்றாக்குறை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். எனக்கு முதல் சந்தேகம் இந்த ஆறரை மணி நேரத்தின் மேல்தான்.

எல்லாச் சாயங்கால அழுகைக்கும் இதுவே காரணம் என்று சொல்லமாட்டேன். பிறந்து 6 வாரம் ஆகும்போது அந்தி அழுகை உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் தானாக அடங்குவது பெரும்பாலான குழந்தைகளிடம் பார்ப்பதுதான். அந்த நேரத்தில் அரை மணிக்கு ஒரு தடவை மார்பைத் தேடுவதும் சகஜம், அதைப் பார்த்துவிட்டுப் பால் பற்றவில்லை என்று டப்பாப் பாலுக்குத் தாவிவிடாதீர்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா, எடை அட்டையில் கோடு மேலே ஏறுகிறதா, இந்த இரண்டும் சரியென்றால் பால் போதும். திருஷ்டி சுற்றிப் போடுவது உங்கள் வீட்டு வழக்கம், சுற்றிப் போடுங்கள். மிளகாயை அடுப்பில் போடும்போது மட்டும் குழந்தையை வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள், அந்தக் கமறலில் பெரியவர்களுக்கே இருமல் நிற்காது.

சரி, என்ன செய்யலாம்? குளித்த பிறகு வரும் அந்த நீண்ட தூக்கத்தை 2 மணி நேரத்தில், போனால் இரண்டேகாலில், மெதுவாக முடித்துவையுங்கள். மொத்தத்தைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை, அங்கே எடுப்பதைச் சாயங்காலத்தில் போடுவதற்காகச் சொல்கிறேன். எழுப்புவது என்றால் கன்னத்தில் தட்டுவதோ முகத்தில் தண்ணீர் தெளிப்பதோ வேண்டாம், ஜன்னலைத் திறந்துவிட்டு, துணியை விலக்கி, பாலுக்குத் தூக்கினால் போதும். அதன் பிறகு இரண்டு சின்னத் தூக்கம், கடைசியாக 6 மணி வாக்கில் ஒரு அரை மணித் தூக்கம். ஏழு மணிக்கு மேல் அது நீள வேண்டாம்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் யாரும் படுத்திருக்கக் கூடாது என்பது நம் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது, அதை எதிர்த்துப் பேசி ஒரு பிரயோஜனமும் இல்லை, பேசவும் தேவையில்லை. விளக்கேற்றும்போது குழந்தை அவர் தோளிலேயே இருக்கட்டும். தோளில் கிடந்தபடியே கண் அயர்ந்தால் அது படுத்ததாக ஆகாதே! இந்தச் சமாதானத்தை நிறைய மாமியார்கள் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. படுக்கைக்கு முன் ஒரு முறை, ஒரு வரிசை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதன் முதல் படி உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் விளக்கு ஏற்றுகிறீர்கள், மணி அடிக்கிறது, ஊதுபத்தி வாசனை வருகிறது. அதற்குப் பிறகு குழந்தை இருக்கும் அறையில் டியூப் லைட் வேண்டாம், சின்ன பல்பு போதும் என்று ஒரு ஏற்பாடு மட்டும் செய்யுங்கள்.

வெளிச்சத்துக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. பிறக்கும்போது குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. இருட்டினால் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் அதன் உடம்பில் ஒரு ஒழுங்குக்கு வருவதே 2, 3 மாதத்தில்தான். இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலட்டோனின் இருக்கிறது, பகல் பாலில் அது மிகக் குறைவு. உங்கள் மகளுக்கு இப்போதுதான் இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்கிறது, அதைச் சரியாக ஓட வைப்பது வெளிச்சமும் இருட்டும். காலையில் 7 மணி வாக்கில் மொட்டை மாடியிலோ வாசலிலோ ஒரு கால் மணி நேரம் தூக்கி வைத்துக்கொண்டு நில்லுங்கள், வெயில் ஏறுவதற்கு முன். பகலில் தூங்கும்போது மிக்ஸி ஓடலாம், குக்கர் விசில் அடிக்கலாம், பேச்சைக் குறைக்க வேண்டியதில்லை. ராத்திரியில் பாலுக்கு எழுந்தால் பேச்சே வேண்டாம், விளக்கும் வேண்டாம், மொபைல் வெளிச்சம் கண்டிப்பாக வேண்டாம். மலம் போயிருந்தால் அல்லது டயப்பர் கனத்துப் போயிருந்தால் மட்டும் மாற்றுங்கள். ராத்திரி 3 மணிக்கு அவள் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பாள், பதிலுக்குக் கொஞ்சாமல் இருப்பது கஷ்டம்தான், ஆனால் கொஞ்சினால் 4 மணி வரை கச்சேரி.

ஆப் சொல்லும் 7 மணியை விட்டுவிடுங்கள். 17 நாடுகளில் 3 வயதுக்குட்பட்ட 29,287 குழந்தைகளைப் பற்றிக் கேட்டறிந்து 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. நியூசிலாந்தில் குழந்தைகள் சராசரியாக 7.27-க்குப் படுத்தார்கள், ஹாங்காங்கில் 10.17-க்கு. ஆசியக் குழந்தைகள் பொதுவாகவே தாமதமாகப் படுக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. குளிர் நாட்டில் தனி அறையில் தூங்கும் குழந்தைக்குச் சரியாக வரும் நேரத்தை, மேல் தளத்துக் கான்கிரீட் பகல் முழுவதும் வாங்கிய சூட்டை ராத்திரி 9 மணி வரை கக்கிக்கொண்டிருக்கும் கடலூர் மாடி வீட்டில், பக்கத்து அறையில் சீரியல் ஓடும்போது பிடித்தே ஆக வேண்டும் என்று போராடுவதில் அர்த்தமில்லை. உங்களுக்கு 9 மணி சரியாக வரும் என்று நினைக்கிறேன். பதினொன்றரையிலிருந்து ஒரே நாளில் 9-க்கு இழுக்க வேண்டாம், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை கால் மணி கால் மணியாக முன்னால் கொண்டுவாருங்கள். காலையில் எழுப்பும் நேரத்தையும் கூடவே முன்னால் தள்ளுங்கள், அதை மறந்துவிட்டால் ராத்திரியும் நகராது.

மணியைவிட வரிசை முக்கியம். 2009-இல் 405 தாய்மார்களை வைத்துச் செய்த ஆய்வில், குளியல், உடம்பு தடவல், அமைதியான பொழுது, பிறகு அரை மணிக்குள் விளக்கணைப்பு என்று தினம் ஒரே வரிசையைப் பின்பற்றிய குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், ராத்திரியில் முழிப்பதும் குறைந்தது, அம்மாக்களின் மனநிலைகூட மேம்பட்டது. அந்தக் குழந்தைகள் 7 மாதத்துக்கு மேற்பட்டவர்கள் என்பதால் உங்கள் மகளிடம் அதே வேகத்தில் பலனை எதிர்பார்க்காதீர்கள், ஆனால் பழக்கத்தை இப்போதே தொடங்குவதில் நஷ்டம் இல்லை. சாயங்காலம் குளிப்பாட்டினால் சளி பிடிக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். குளிப்பாட்டத் தேவையே இல்லை, காலைக் குளியல் காலையிலேயே இருக்கட்டும். எட்டேகாலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முகம், கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு துடைத்துவிடுங்கள். அப்புறம் காலையும் பாதத்தையும் கொஞ்சம் நீவி, மெல்லிய பருத்தி ஜப்லா போட்டு, பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் விட வைத்து, ஒரு தாலாட்டு. உங்களுக்குப் பாடத் தெரியாவிட்டால் ஆராரோ என்று இழுத்துக்கொண்டே இருந்தாலும் போதும், அவளுக்கு ராகம் பிசகுவது தெரியாது. தினமும் அதே பாட்டு, அதே மூலை, அதே ஆள் இருந்தால் நல்லது.

அடுத்தது கணவர். பத்தரைக்கு வந்து குழந்தை முகத்தைப் பார்க்காமல் தூங்கச் சொன்னால் எந்த அப்பாவுக்கும் மனசு கேட்காது. ஆனால் அவர் வந்ததும் விளக்கைப் போட்டுத் தூக்கிக் கொஞ்சுவதுதான் பதினொன்றரைக்கு ஒரு காரணம் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அவருக்கு வேறு வேலை கொடுங்கள். 11 மணி வாக்கில் எப்படியும் ஒரு தடவை பாலுக்கு முனகுவாள், அப்போது தூக்கிக் கொடுப்பது, குடித்த பிறகு ஏப்பம் விட வைப்பது, திரும்பப் படுக்க வைப்பது எல்லாம் அவர், இருட்டில், பேசாமல். காலையில் மாடி வெளிச்சமும் விளையாட்டும் அவருடையது. நீங்கள் 9 மணிக்கே குழந்தையோடு படுத்துவிட்டால் உங்களுக்கும் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூக்கம் கிடைக்கும், இப்போதைக்கு அது சொத்து.

40 நிமிஷத் தூக்கத்தைப் பற்றி. இது நோய் இல்லை. குழந்தையின் தூக்கச் சுற்று ஒன்றின் நீளமே ஏறக்குறைய 50 நிமிஷம், ஒரு சுற்று முடிந்து அடுத்ததுக்குப் போகும் இடத்தில் லேசாக முழிக்கும், தானாக அடுத்த சுற்றில் ஏறிக்கொள்ளும் பழக்கம் பலருக்கு 5, 6 மாதத்தில்தான் வருகிறது. ஒன்று செய்து பாருங்கள். தூங்கி அரை மணி ஆனதும் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைக் கவனியுங்கள். இமைக்குள் கண் ஓடும், உதடு சப்பும், திடீரென்று ஒரு சிரிப்பு, அடுத்த நொடி அழப்போவதுபோல் முகம் சுருங்கும், மூச்சு வேகமாகிப் பிறகு தணியும், சில நேரம் ஒரு சின்ன முனகலும் வரும். நரி விரட்டுகிறது என்று ஆயாக்கள் சொல்வது இதைத்தான். கனவுத் தூக்கம் இது, பிறந்த குழந்தையின் தூக்கத்தில் பாதி இப்படித்தான் இருக்கும். இந்த முனகலைக் கேட்டவுடன் முழித்துவிட்டாள் என்று நினைத்து ஓடிப் போய்த் தூக்குவதால்தான் பல குழந்தைகள் உண்மையாகவே முழித்துவிடுகிறார்கள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அழுகையாக மாறினால் தூக்குங்கள். மாறாவிட்டால் அடுத்த சுற்றுக்குப் போய்விடுவாள்.

தூக்கம் வருகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணைக் கசக்குவதும் கொட்டாவியும் கொஞ்சம் தாமதமான அடையாளங்கள். அதற்கு முன்பே பார்வை எங்கோ நிலைத்துவிடும், கிலுகிலுப்பையை ஆட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், காதை இழுப்பாள், புருவம் லேசாகச் சிவக்கும். அந்த நேரத்தில் படுக்க வைத்தால் ஐந்து நிமிஷ வேலை, அதைத் தவறவிட்டால் அரை மணி.

இனி தூளி. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கம் தூளியே கூடாது என்று பயமுறுத்துகிறார்கள், இன்னொரு பக்கம் நாங்களெல்லாம் தூளியில்தானே வளர்ந்தோம் என்கிறார்கள். தூளியில் குழந்தை சீக்கிரம் தூங்குவது உண்மை. உடம்பை ஒட்டி அணைக்கும் துணி, வயிற்றில் இருந்தபோது பழகிய அதே ஆட்டம். பாட்டி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, கையால் கீரை ஆய்ந்தபடியே ஒரு குழந்தையைத் தூங்க வைத்துவிடுவார், அந்தத் திறமைக்கு முன்னால் எந்த மெஷினும் நிற்காது. சிக்கல் இரண்டு. ஒன்று, துணி குழிந்து குழந்தை வளைந்து கிடக்கும்போது தாடை நெஞ்சில் இடித்து மூச்சுக்குழாய் மடங்கலாம். முதல் 4 மாதத்திலும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் கழுத்துக்கு வலு கிடையாது, இந்த ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம். இரண்டாவது, ஆட்டம் நின்றதும் முழிப்பு வரும், 40 நிமிஷத்தில் சுற்று மாறும்போது தூளி நின்றிருந்தால் ஆட்டிவிட ஆள் தேடி அழும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பகலில், யாராவது பக்கத்தில் இருந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் தூளி. ராத்திரிக்குத் தூளி வேண்டாம், எல்லோரும் தூங்கும்போது அதைப் பார்க்க ஆள் இல்லை. புடவை பழைய பருத்திப் புடவையாக இருக்கட்டும், நழுவும் சின்தெட்டிக் வேண்டாம். துணி இரண்டு பக்கமும் வந்து முகத்தில் மூடாதபடி மேலே குறுக்குக் கட்டை கட்டாயம். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும், நுழையாவிட்டால் எடுத்துப் படுக்கையில் போடுங்கள். கொக்கி உத்தரத்தில் உறுதியாக இருக்கிறதா என்று ஆண்பிள்ளை யாராவது தொங்கிப் பார்க்கட்டும், ஃபேன் கொக்கியில் கட்டாதீர்கள். தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயரம் தேவையில்லை, கீழே ஒரு பாய் விரித்து வையுங்கள். ஸ்பிரிங் தூளி வாங்கியிருந்தால் ஸ்பிரிங்கை அடிக்கடி பாருங்கள், அதில் துள்ளத் துள்ள ஆட்டுவதை நான் விரும்புவதில்லை. குழந்தை இல்லாத நேரத்தில் தூளியை அவிழ்த்து மேலே சுருட்டிவிடுங்கள். அக்கம்பக்கத்துப் பெரிய பிள்ளைகள் அதில் சுற்றிச் சுற்றி விளையாடி, துணி முறுக்கிக் கழுத்தை இறுக்கிய செய்திகள் தமிழ்நாட்டில் எத்தனையோ தடவை வந்துவிட்டன.

தூளியிலிருந்து பாய்க்கு மாற்ற முதலில் ராத்திரி முதல் தூக்கத்தைத்தான் எடுக்க வேண்டும், அப்போதுதான் தூக்க அழுத்தம் அதிகம். மடியில் ஆட்டிக் கண் சொருகும் நேரத்தில், முழுக்கத் தூங்குவதற்குள், பாயில் வையுங்கள். முதுகு முதலில் படட்டும், தலை கடைசியில். வைத்ததும் கையை உருவாமல் நெஞ்சில் லேசாக வைத்திருங்கள், தட்டுவதை மெதுவாகக் குறையுங்கள். முதல் சில நாள் அழுவாள், தூக்குங்கள், அடங்கியதும் திரும்ப வையுங்கள். அழுது அழுது தானே தூங்கட்டும் என்று விட்டுவிடும் முறையை யாராவது சொன்னால், 6 மாதத்துக்கு முன் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பகல் தூக்கத்தை மாற்ற அவசரம் இல்லை.

படுக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். மல்லாக்க, எப்போதும் மல்லாக்க. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் குப்புறப் படுக்க வைக்காதீர்கள் என்று 1992-இல் சொன்ன பிறகு அந்த நாட்டில் தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்தது. அந்த ஆபத்து 1 முதல் 4 மாதத்துக்குள்தான் மிக அதிகம், உங்கள் மகள் அதற்குள்தான் இருக்கிறாள். பாய் மேல் ஒரு மடிப்புத் துணி போதும், புது இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, பக்கத்துக்கு உருட்டுத் தலையணை, தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகு தலையணை, பொம்மை எதுவும் வேண்டாம். தலை தட்டையாகும் என்று பயந்தால் முழித்திருக்கும்போது உங்கள் கண் முன்னால் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள், கழுத்துக்கும் வலு. கழுத்தில் கறுப்புக் கயிறு, சங்கிலி இருந்தால் தூங்கும்போது கழற்றிவிடுங்கள், இடுப்புக் கயிறு இருக்கட்டும். துணியில் சுற்றிக் கட்டித் தூங்க வைப்பதை இப்போதே நிறுத்துங்கள், புரளும் வயது வந்துவிட்டது, கை கட்டிய நிலையில் குப்புற விழுந்தால் தலையைத் திருப்ப முடியாது.

ஒரே அறையில், அம்மாவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் தனிப் படுக்கையில் தூங்குவதுதான் நல்லது என்பது மருத்துவர்கள் சொல்வது. நம் வீடுகளில் அம்மாவும் குழந்தையும் ஒரே பாயில்தான், அது எனக்குத் தெரியும். அப்படியென்றால் தரையில், உங்கள் தலையணை அவளிடமிருந்து தள்ளி, முந்தானையும் தலைமுடியும் கட்டி, அம்மாவுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்காமல், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவிலும் இல்லாமல். குடித்துவிட்டு வந்தவர், புகை பிடிப்பவர், தூக்க மாத்திரை போட்டவர் யாரும் அந்தப் பாயில் படுக்கக் கூடாது, சொந்தக்காரர் மனசு நோகும் என்றெல்லாம் பார்க்காதீர்கள். சோபாவில் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு தூங்குவது எல்லாவற்றையும்விட மோசம்.

தூங்க வைக்க என்று வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உரை மருந்தில் ஜாதிக்காய் இழைப்பது, கசகசா அரைத்துப் புகட்டுவது, வசம்பைச் சுட்டுக் கொடுப்பது, புதுச்சேரிப் பக்கம் சளிக்கு ரெண்டு சொட்டு பிராந்தி, எல்லாம் இன்றும் நடக்கிறது. கசகசாவில் அபினி வகைச் சத்து ஒட்டியிருக்கும், ஜாதிக்காய் அளவு கூடினால் விஷம், இவை தரும் தூக்கம் மயக்கம்தான், சின்னக் குழந்தைக்கு மூச்சு மந்தமாகிவிடும். சளி சிரப்பில் தூக்கம் வருகிறது என்று கொடுப்பதும் இதே கதை, அப்படிப்பட்ட ஒரு கூட்டு மருந்தை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவே போட்டது. ராத்திரி கேழ்வரகுக் கூழ் கொடுத்தால் வயிறு நிறைந்து தூங்கும் என்பார்கள், 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். வெயில் காலத்திலும் தண்ணீர் தேவையில்லை, பாலிலேயே இருக்கிறது.

புழுக்கத்துக்குக் கொஞ்சம். ஏசி இருந்தால் 26, 27-இல் வையுங்கள், இல்லாவிட்டால் ஃபேனும் திறந்த ஜன்னலும் போதும், மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று வரும் திசையில் பாயைப் போடுங்கள். சூடாக இருக்கிறாளா என்று தெரிய கையைக் காலைத் தொடாதீர்கள், பிடரியையும் நெஞ்சையும் தொடுங்கள், அங்கே வேர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். வீட்டுக்குள் குல்லாவும் காலுறையும் இந்த ஊர் வெயிலில் எதற்கு? கொசுவுக்குக் குடைவலை, துணி முகத்தில் படாத அளவு பெரியதாக. கொசுவர்த்திச் சுருள் மூடிய அறையில் வேண்டவே வேண்டாம், குளித்த தலைக்குச் சாம்பிராணிப் புகை போடுவதும் அதே கணக்கில்தான் வரும், தலையைத் துண்டால் ஒற்றினாலே காய்ந்துவிடும்.

குழந்தை பாலுக்குக்கூட எழாமல் துவண்டு தூங்கினால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் அல்லது நெஞ்சு உள்வாங்கினால், 100.4-க்கு மேல் காய்ச்சல் இருந்தால், சிறுநீர் குறைந்தால், தூக்க முறை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். நடுராத்திரி என்றால் 108.

மூன்றரை மாத ஊசி இந்த வாரம் போடுவதாக இருந்தால் இந்த மாற்றங்களை அடுத்த வாரம் தொடங்குங்கள், ஊசி போட்ட ஓரிரண்டு நாள் தூக்கம் எப்படியும் தாறுமாறாகத்தான் இருக்கும். 26 வார விடுப்பு முடிந்து புதுச்சேரி வேலைக்குத் திரும்பப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள், அதற்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. அப்போது அவளுக்குப் பகல் தூக்கம் மூன்றாகக் குறைந்திருக்கும், விழித்திருக்கும் நேரமும் இரண்டு, இரண்டரை மணியாக நீண்டிருக்கும். கடைசி மூன்று வாரம் பகல் தூக்கம் முழுவதையும் மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் கண்ணில் படாமல் இருந்து பாருங்கள். அவர் உங்களைப் போல் தூங்க வைக்கமாட்டார், அவர் வழியில் வைப்பார். பாயும் முகமும் சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள், மற்றதை அவரிடம் விட்டுவிடுங்கள்.